முதல் ஏழு நாட்கள்: கடும் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்குவோருக்கான உரை



"சூப்புக் குடித்தே சீனி வருத்தம் போய்விட்டதாம்" என்னும் பேச்சு, ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைகளிலும் ஆலய வாசல்களிலும் திருமண மண்டபங்களிலும் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றது. அப்பேச்சில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே உண்டு. மீதிப் பாதியை அறியாமல், அயலவர் சொன்னார் என்பதற்காக, கடையில் மாப்பால் டப்பா ஒன்றை வாங்கி மறுநாட் காலையிலேயே தொடங்குபவர், அந்த வாரம் முடிவதற்குள் வைத்தியசாலைக்குச் செல்ல நேரிடலாம். அவ்வாறு நேராமல் இருப்பதற்காகவே இவ்வுரை.

தெற்காசிய வழிவந்தோருக்கு வகை 2 நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு, ஐரோப்பிய வழிவந்தோரை விட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். குறைந்த வயதிலும், பார்வைக்குப் பருமன் என்று தோன்றாத உடலிலும் அது வருகின்றது. என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதார சேவை இதனைக் கருத்திற் கொண்டே, தனது திட்டத்தில் ஆசிய வழிவந்தோருக்கு எடை அளவுகோலைத் தளர்த்தி வைத்திருக்கின்றது.

அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயர் "பாத் டு ரெமிஷன்". வைத்தியரின் வரவேற்பு மேசையில் இப்பெயரைச் சொல்லிக் கேட்கலாம். இது 12 மாதங்கள் நீடிக்கும் இலவசத் திட்டம். முதல் 12 வாரங்களும் வழக்கமான உணவு கிடையாது. சூப்பு, ஷேக் போன்ற தயாரிப்புகள் மட்டுமே. நாளொன்றுக்கு 800 முதல் 900 கலோரி வரை. சராசரி ஆணுக்கு நாளொன்றுக்கு 2500 கலோரி, பெண்ணுக்கு 2000 கலோரி என்பது பொதுவான வழிகாட்டல். ஆகவே இது உணவைச் சற்றுக் குறைக்கும் ஏற்பாடு அன்று. பாதிக்கும் மேலாகக் குறைக்கும் கடுமையான மருத்துவ ஏற்பாடு. 12 வாரங்களின் பின் உணவு படிப்படியாக மீள அறிமுகமாகும். எஞ்சிய மாதங்களில் பயிற்றுநர் ஒருவரின் துணையுடன் எடையைக் காக்கப் பழக வேண்டும்.

இதில் சேர்வதற்கான நிபந்தனைகள் தனித்தனியானவை அல்ல. யாவும் ஒருங்கே நிறைவேற வேண்டும். வயது 18க்கும் 65க்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும். வகை 2 நீரிழிவு கடந்த ஆறு ஆண்டுகளுக்குள் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். உடல் நிறைச் சுட்டெண், ஆசிய மற்றும் கறுப்பின மக்களுக்கு 25 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வெள்ளையருக்கு இது 27. இன்சுலின் எடுப்பவராக இருத்தலாகாது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி. பரிசோதனையின் முடிவும் குறித்த எல்லைக்குள் அமைய வேண்டும். கருவுற்றிருப்போர், பாலூட்டுவோர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர், கடும் சிறுநீரக நோயுடையோர், உணவுண்ணற் கோளாறு உடையோர் ஆகியோருக்கு இது பொருந்தாது. தகுதி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்துப் பரிந்துரைக்கும் பொறுப்பு குடும்ப வைத்தியரின் நிலையத்துக்கு உரியது.

இந்நிபந்தனைகளைக் கேட்டதும் பல வீடுகளில் ஏமாற்றமே மிஞ்சும். ஊரிலிருந்து வந்த காலம்தொட்டே மாத்திரை விழுங்கும் எழுபது வயதுத் தாய்க்கு இதில் இடமில்லை. அது பாகுபாடு அன்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் ஆற்றல் குன்றிவிடுகின்றது. எடை குறைந்தாலும் அது மீளும் வாய்ப்புச் சுருங்குகின்றது. அத்தகையோர் மகனோ மகளோ குடிக்கும் ஷேக்கைத் தாமும் பங்கிட்டுக் குடித்துப் பார்ப்பது, பெறுதற்கரிய நன்மை எதனையும் தராமல் ஆபத்தை மட்டும் தரும். அவர்களுக்கு ஏற்ற வேறு வழிகளை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

"ரெமிஷன்" என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்குதல் நன்று. "குணமடைதல்" என்று சிலர் மொழிபெயர்க்கின்றனர், அது தவறு. "தணிவு" என்பதே பொருந்தும். நீரிழிவு மருந்து எதுவும் இன்றி, குறைந்தது மூன்று மாதங்கள், எச்.பி.ஏ.ஒன்.சி. அளவு 48க்குக் கீழ் நிற்பதே தணிவு. நீதிமன்ற மொழியில் தண்டனைக் குறைப்புக்கும் இதே ஆங்கிலச் சொல்லைத்தான் பயன்படுத்துவர். அங்கே தண்டனைக் காலம் குறைகின்றது. குற்றத் தீர்ப்பு அழிவதில்லை. இங்கும் அப்படியே. தணிவு பெற்றவரின் மருத்துவக் கோப்பில் நீரிழிவு என்ற பதிவு நிலைத்திருக்கும். கண், பாதம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் தொடரும்.

இனி முதல் வாரத்துக்கு வருவோம். அதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

2011ஆம் ஆண்டு நியூகாசில் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் றோய் டெய்லரின் குழு, சிறிய ஆய்வொன்றின் முடிவுகளை வெளியிட்டது. வகை 2 நீரிழிவுடைய 11 பேர் எட்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி மட்டும் உட்கொண்டனர். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவு, சராசரியாக 9.2 இலிருந்து 5.9 ஆக இறங்கியது. அவ்விறக்கம் நிகழ்ந்தது எட்டாம் வாரத்தில் அன்று. முதல் ஏழு நாட்களில். அதே ஏழு நாட்களில் ஈரலில் தேங்கியிருந்த கொழுப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்க்காமல் இரவு முழுவதும் குருதிக்குள் சீனியைக் கொட்டிக்கொண்டிருக்கும். கொழுப்பு வடிந்ததும் அடங்கிவிடும். கணையத்தின் மீட்சியோ மெதுவாக, எட்டு வாரங்கள் முழுவதும் எடுத்துக்கொண்டு நிகழ்ந்தது.

உடலை மிகவும் வருத்தும் வாரமும், உடலுக்குள் மிகுந்த மாற்றம் நிகழும் வாரமும் ஒன்றே என்பது இதனால் விளங்கும். மருந்தை மாற்றாமல் தொடங்குதல் ஏன் ஆபத்தானது என்பதும் இதனாலேயே விளங்கும். சீனி தானாகவே விரைந்து இறங்கும் வாரத்தில், சீனியை இறக்கும் மாத்திரையையும் பழைய அளவிலேயே விழுங்கினால் என்ன நிகழும்? கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளை எடுப்பவருக்குச் சீனி 4க்கும் கீழே சென்றுவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் என்று தொடங்கி மயக்கத்தில் முடியலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரைகளை எடுப்பவருக்கு வேறொரு ஆபத்து உண்டு: உணவு மிகக் குறைந்த நிலையில் குருதி அமிலமாகும் கொடிய நிலை, சீனி அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ஏற்படலாம். குருதியழுத்த மாத்திரைகளும் இவ்வாறே. எடையும் உப்பும் நீரும் குறையும் உடலில் பழைய அளவு மருந்து தலைச்சுற்றலையும் விழுகையையும் உண்டாக்கும்.

ஆகவே என்.எச்.எஸ். திட்டத்தில் எந்த மாத்திரை நிற்கும், எது குறையும், எது தொடரும் என்பதை வைத்தியரே முன்கூட்டித் தீர்மானிப்பார். அம்மாற்றம் சூப்புத் தொடங்கும் அதே நாளில் நடைமுறைக்கு வரும். அதற்கு முதல் நாள் நிறுத்துதலும் கூடாது; நான்கு நாள் பார்த்துவிட்டு நிறுத்துவோம் என்றிருத்தலும் கூடாது. கண் பரிசோதனையை முன்னரே முடித்துக்கொள்ளவும் வேண்டும். சீனி விரைந்து இறங்குகையில் விழித்திரையில் ஏற்கெனவே உள்ள பாதிப்புச் சிலருக்கு மோசமடைவதுண்டு.

எல்லாம் முறைப்படி அமைந்து, தொடக்க நாளும் வந்துவிட்டது. என்ன எதிர்பார்க்கலாம்?

முதல் நாள் பெரும்பாலும் உற்சாகத்திலேயே கழிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாட்களே கடினமானவை. ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருந்த மாச்சத்து தீர்ந்து, அதனோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகின்றது. நிறுவையில் இரண்டு மூன்று கிலோ குறைந்து காட்டினால் அதிற் பெரும்பகுதி நீரே. மகிழலாம், ஆனால் அடுத்த வாரமும் அதே வேகத்தை எதிர்பார்த்தல் ஆகாது. நீரோடு உப்பும் போவதால் தலைவலி, சோர்வு, எழுந்து நிற்கையில் கண் இருட்டுதல் ஆகியன தோன்றும். நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு லீற்றர் நீர் அருந்த வேண்டும் என்பது இதனாலேயே. நீர்க் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட இதய, சிறுநீரக நோயாளர் தமது வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

தலைவலிக்குத் தமிழ் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. நாளுக்கு நான்கைந்து முறை பாலும் சீனியும் சேர்த்த தேநீர் அருந்திப் பழகியவர், ஷேக் தொடங்கியதும் தேநீரையே அடியோடு விட்டுவிடுகின்றார். அத்தலைவலி பசியால் வந்ததன்று. தேநீரை நிறுத்தியதால் வந்தது. சீனியும் பாலும் இல்லாத வெறுந்தேநீருக்குத் தடை இல்லை. ஊரில் ஒரு கடி பனங்கட்டியோடு குடித்த அதே வெறுந்தேநீர்தான். பனங்கட்டியை மட்டும் மறந்துவிட வேண்டும். அது இயற்கையானது, ஆதலால் சீனியாகாது என்னும் வாதம் இங்கே எடுபடாது.

பசியைப் பற்றி ஒன்று. அது ஏணிப்படி போல ஏறிக்கொண்டே செல்வதில்லை. அலை போல எழுந்து தணிகின்றது. முதல் இரண்டு மூன்று நாட்களைக் கடந்த பின் பெரும்பாலோருக்கு அதன் வேகம் தெளிவாகக் குறைகின்றது. உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்கியதன் அடையாளமாக வாயில் ஒருவித வாடை தோன்றும், அஞ்ச வேண்டியதில்லை. குளிர் அதிகமாகத் தெரியும். கார்த்திகை மார்கழியில் தொடங்குபவர் உள்ளாடை ஒன்று கூடுதலாக அணிவது நல்லது. நார் குறைந்த உணவாதலால் மலச்சிக்கல் பலருக்கு ஏற்படும். அதற்கான நார்த்தூளை முதல் நாளிலிருந்தே எடுக்கலாமா என்று பயிற்றுநரிடம் கேட்க வேண்டும். ஐந்து நாள் அவதிப்பட்ட பின் கேட்பதில் பயனில்லை. முதல் வாரத்தில் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம். லிட்டில் இல்ஃபர்ட் பூங்காவிலோ வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் வெளியிலோ மெதுவாக நடத்தல் போதும். மாலையில் கொத்துரொட்டிச் சத்தம் கேட்கும் கடைத்தெரு வழியாக நடப்பதைத் தவிர்த்தல் கோழைத்தனம் ஆகாது.

இவை உடலின் பசி பற்றியவை. உறவின் பசி இதனினும் கடினமானது. அதற்குப் பயிற்றுநரின் கையேட்டில் போதிய விடை இல்லை.

தமிழ் வீட்டில் உணவை மறுப்பது எளிதன்று. "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் பெரியம்மாவிடம் கலோரிக் கணக்கைக் காட்ட இயலாது. காட்டினாலும் அவர் மனம் புண்படும். ஆனால் உணவை மறுக்கும் ஒருவரை இந்தச் சமூகம் மனமார மதிக்கும் தருணம் ஒன்று உண்டு. அதுவே விரதம். ஐப்பசியில் கந்தசஷ்டி நோற்பவர் ஆறு நாட்களும் பால் பழத்துடனோ ஒருபொழுது உணவுடனோ இருப்பார். சூரன்போர் முடிந்து ஏழாம் நாள் பாரணை வரை அவரிடம் எவரும் வடையை நீட்டுவதில்லை. நீட்டியவரே வெட்கப்படுவார். தவக்காலத்தில் நாற்பது நாட்கள் இறைச்சியைத் துறக்கும் கத்தோலிக்க வீடுகளிலும் அதே மரியாதை உண்டு. ஆகவே "டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்லி விவாதத்துக்கு இடங்கொடுப்பதை விட, "வைத்தியர் சொன்ன விரதம், இன்ன திகதியில் பாரணை" என்று முடிவுத் திகதியோடு சொல்லிவிடுவது இவ்வட்டாரத்தில் நன்கு செல்லுபடியாகும். இதிற் பொய் எதுவும் இல்லை. 84 நாட்கள் என்பதுதான் சற்று நீண்ட விரதம்.

ஒப்புமை அவ்வளவோடு நிற்க வேண்டும். பழக்கப்பட்ட விரதத்தைப் போல நீர் மட்டும் அருந்தியோ, நாளின் சூப்பை எல்லாம் இரவு ஒரே வேளையில் குடித்தோ இதனை நோற்றல் கூடாது. அத்தயாரிப்புகளில் உடலுக்கு வேண்டிய புரதமும் உயிர்ச்சத்துகளும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைத் தவிர்த்தால் கூடுதலாக இளைப்பது கொழுப்பன்று, தசை. 12 வாரங்களுக்குள் வேறு விரத நாள் வந்தால், எப்படி நடந்துகொள்வது என்று பயிற்றுநருடன் முன்கூட்டிப் பேச வேண்டும். ஆலயத்தில் திருநீறும் பூவும் பெற்றுக்கொண்டு, சர்க்கரைப் பொங்கலை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

சமைக்கும் பொறுப்பு யாரிடம் உள்ளதோ அவரே இத்திட்டத்தில் சேர்ந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். குடும்பத்துக்குக் குழம்பு வைத்து இறக்கி, உப்புப் பார்த்து, மிஞ்சியதை வழித்து வாயிலிட்டு, பின்னர் ஒரு கோப்பை சூப்பை ஊதிக் குடித்தல் எவருக்கும் எளிதன்று. படையலுக்குச் சமைக்கும்போது உப்புப் பார்ப்பதில்லை. கையளவும் கண்ணளவுமே போதுமாக இருக்கின்றன. முதல் வாரத்தில் வீட்டுச் சமையல் முழுவதையும் படையற் சமையலாகவே கொள்ளலாம். அதனினும் நல்லது, அந்த ஏழு நாட்களுக்கேனும் கணவரோ வளர்ந்த பிள்ளைகளோ அடுப்பைப் பொறுப்பேற்பது. மனைவியின் மாத்திரை நிற்பதற்கு இடியப்பத்தைக் கடையில் வாங்கிச் சமாளிப்பது பெரிய தியாகம் அன்று. மரக்கறி மட்டும் உண்பவர், பாற்சீனி ஒவ்வாதவர், ஹலால் வேண்டுவோர் ஆகியோர் பொட்டலங்களைப் பெறுவதற்கு முன்னரே அதைத் தெரிவித்துவிட வேண்டும்.

கீழ்க்காணும் நிலைகளில் மட்டும் பொறுத்திருத்தல் கூடாது. நடுக்கமும் வியர்வையும் கண்டு சீனி 4க்குக் கீழே இருந்தால், கட்டுப்பாடு கெடும் என்று தயங்காமல் 15 முதல் 20 கிராம் அளவு குளுக்கோஸோ சீனிப் பானமோ உடனே எடுக்க வேண்டும். பின்னர் வைத்தியரை அழைக்க வேண்டும். வலப்பக்க மேல்வயிற்றில் கடும் வலி தோன்றினால் அது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்; எடை விரைந்து குறைகையில் அது உருவாவதுண்டு. நிற்காத வாந்தி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் ஆகியவற்றுக்கு 999. அவசரமற்ற ஐயங்களுக்கு எந்நேரமும் 111.

முதல் வாரத்தைக் கடந்தவருக்குக் கிட்டக்கூடியது என்ன என்பதையும் மிகையின்றிச் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்திலும் டைன்சைட் பகுதியிலும் 306 பேரைக் கொண்டு நடந்த டைரெக்ட் ஆய்வின் முடிவு 2017 டிசம்பரில் வெளிவந்தது. உணவு மாற்றுத் திட்டத்தைப் பெற்றோரில் 46 சதவீதத்தினர் ஓராண்டில் தணிவு நிலையில் இருந்தனர். ஈராண்டில் அது 36 சதவீதம். ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டோரில் 13 சதவீதம். கிளாஸ்கோவில் தெற்காசியர் 25 பேருடன் நடந்த சிறிய ஆய்விலும் பத்துப் பேருக்கு நால்வர் என்னும் அளவில் தணிவு கண்டது; நம் உணவுப் பழக்கத்தாருக்கு இது ஒத்துவராது என்ற எண்ணத்துக்கு அதுவே பதில். இங்கிலாந்தின் என்.எச்.எஸ். திட்டத்தில் ஓராண்டை முழுமையாக முடித்து, இரு குருதிப் பரிசோதனைகளும் பதிவானோரில் 32 சதவீதத்தினர் தணிவு அடைந்ததாக 2024இல் அறிவிக்கப்பட்டது. எடை திரும்பினால் சீனியும் திரும்பும். தணிவு அடையாதவர்களிலும் பலருக்கு எடையும் மருந்தும் குறைகின்றன.

தணிவு பெற்றவர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. நீரிழிவுக்காக வழங்கப்படும் மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழ், உணவால் மட்டும் நோயைக் கட்டுப்படுத்துவோருக்குப் பொருந்தாது. மாத்திரைகள் யாவும் நின்ற பின்னும் பழைய சான்றிதழைக் காட்டி வேறு மருந்துகளை இலவசமாகப் பெற்றால் அபராதம் விதிக்கப்படலாம். அறுபது வயதைக் கடந்தோருக்கு விலக்கு வயதின் அடிப்படையிலேயே உண்டு. ஏனையோர் மருந்தகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

என்.எச்.எஸ். சந்திப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கோரலாம், 111இலும் கோரலாம். பாடசாலை செல்லும் பிள்ளையை அழைத்துச் சென்று மருந்துப் பெயர்களை மொழிபெயர்க்கச் செய்தல் வேண்டாம். சந்திப்பைப் பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சொல்ல வேண்டும். தற்போது எடுக்கும் எல்லா மாத்திரைப் பெட்டிகளையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் சென்று, தொடக்க நாளில் எது நிற்கின்றது, எது தொடர்கின்றது என்பதைப் பெட்டி பெட்டியாகக் காட்டிக் கேட்டு, தமிழில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.